திருட்டு மூச்சு

தவக்காலத்தின் முதல் ஒத்திகையில், கோயிலின் பாடகர் மாடியில், மின்கணப்பின் தூசி கருகும் வாசனையும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனையும் ஒன்றாய்க் கலந்து கிடந்த சாயங்காலத்தில், அஃப்ராவின் இடப்பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். முதலில் மூக்கால் சுர்ரென்று ஒரு இழுப்பு, அது போதாமல் வாயால் இன்னொரு இழுப்பு, இரண்டுக்கும் நடுவே பல்லிடுக்கில் பட்டு வரும் மெல்லிய சீழ்க்கை. அவள் யோசிக்கவில்லை. தன் குரலைக் கொஞ்சம் அழுத்திச் சுரத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருப்பவள் மூச்செடுக்கும்போது அப்படித்தான் செய்ய வேண்டும். பிடித்துக்கொண்ட பிறகுதான் இடப்பக்க நாற்காலியில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சென்ஸியைப் புதைத்த மேட்டில் மண் இன்னும் இறங்கிச் சமமாகவில்லை.

நீளமான சுரம் ஒரு நெஞ்சுக்குள் அடங்காது. அதற்காகப் பாடகர் குழுக்களில் ஒரு தந்திரம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குத் திருட்டு மூச்சு என்று பெயர். பக்கத்துக் குரல் பாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சத்தமில்லாமல் நழுவி, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். நீங்கள் சேர்ந்த பிறகு அவள் நழுவுவாள். கீழே பெஞ்சுகளில் இருப்பவர்களுக்குச் சுரம் அறுபடாமல் ஓடுவதாகவே தோன்றும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தால் குட்டு உடைந்துவிடும். இதைத் தவிர அதில் வேறு வித்தை எதுவும் இல்லை.

அஃப்ராவும் சென்ஸியும் கல்யாணமான புதிதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தவர்கள். இரண்டு பேருமே ஆல்டோ, அதாவது பெண்குரல்களில் அடியில் ஓடுகிற குரல். யாரும் கவனிக்காத, ஆனால் இல்லாவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற குரல். அஃப்ரா முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். சென்ஸி தபாலாபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே வாயால் வறுத்தெடுத்தாள். மாடியில் நின்றுவிட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சே வேண்டியிருக்கவில்லை. முழங்கையால் ஒரு சின்ன இடி. 'எடுத்துக்கோடி, நான் பிடிச்சுக்கறேன்' என்று அதற்கு அர்த்தம். மற்ற ஆல்டோக்களில் ஒருத்தி மகள் வீட்டோடு லின்ஸ் நகரத்துக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி முட்டிவலியால் மாடிப்படியைக் கைவிட்டாள். கடைசி வருஷங்களில் அந்த வரிசையில் இவர்கள் இரண்டு பேர்தான். இப்போது அஃப்ரா மட்டும்.

"என்ன அஃப்ரா, பேய் அறஞ்ச மாதிரி நிக்கறே?" என்றான் ஹியாஸ். இறைச்சிக்கடைக்காரன், அடித்தொண்டையில் பாடுகிற ஆண்குரல்களில் தடித்தவன் அவன்தான். பாட்டு நின்றதும் தன் தொப்பியைத் தூக்கி இடப்பக்க நாற்காலியில் போடப் போனான்.

"அங்க வைக்காதே."

"காலியாத்தானே கிடக்கு?"

"வைக்காதேன்னு சொன்னேன்ல."

ஹியாஸ் உதட்டைப் பிதுக்கித் தொப்பியைத் தலையிலேயே போட்டுக்கொண்டான். அஃப்ராவுக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. காதில் விழுந்ததெல்லாம் அந்த அலுப்பில் விழுந்ததுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று அந்தக் கோயிலில் பாடுகிற பாட்டு ஒன்றே ஒன்றுதான். மகன் சிலுவையில் தொங்க, தாய் அடியில் நிற்கிற பாட்டு. லத்தீன் வரிகள் உலகத்துக்கே பொது. மெட்டு மட்டும் இந்த ஊருக்கு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மடத்தில் இசை சொல்லிக்கொடுத்த ஒரு சந்நியாசி நான்கு குரல்களுக்காக எழுதிக் கொடுத்தது. பெரிய வியாழன் பூசையோடு ஆர்கன் வாயை மூடிவிடும், மணிகளும் ரோமாபுரிக்குப் பறந்துவிட்டதாகக் கணக்கு, அதனால் துணைக்கு ஒரு வாத்தியமும் கிடையாது. மனுஷக்குரல்தான். கடைசிச் சரணத்தில் மற்ற மூன்று குரல்களும் ஏறி இறங்கி அழுது ஆர்ப்பாட்டம் செய்யும்போது, ஆல்டோ மட்டும் பாட்டின் முதல் வார்த்தைக்குத் திரும்பிப் போய், அதன் முதல் அசையில் ஒரே சுரமாக நின்றுவிடும். 'ஸ்தா…' என்று. எல்லோரும் முடித்த பிறகுதான் ஆல்டோ 'பாத்' என்று அந்த வார்த்தையை மூடி வைக்கும்.

"ஸ்தாபாத்," என்றார் லாம்பெர்ட் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே விரலை ஆட்டி. அவர்தான் குழுவை நடத்துகிறவர். "நின்னாள்ங்கறது இல்ல. நின்னுக்கிட்டிருந்தாள். முடிஞ்சுபோன காரியம் இல்ல அது. எப்ப உக்காந்தா, எப்ப வீட்டுக்குப் போனான்னு அந்த வார்த்தை சொல்லவே சொல்லாது. அதனாலதான் சாமியார் உங்களுக்கு ஒரே சுரத்தக் குடுத்துட்டுப் போயிட்டாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆல்டோவுக்கு வர முடியுமான்னு புர்க்ஹார்ட் மகளக் கேட்டுப் பாத்தேன், அவ வேல பாக்கற ஓட்டல்ல சீசன் முடியலையாம். நீங்க ஒருத்தர்தான் அஃப்ரா. சமாளிச்சுடுவீங்களா?"

"நடுவுல ஒரு இடத்துல மூச்சு எடுக்கணும், வாத்தியாரே. அறுபடும்."

"அறுபடட்டும். ஆல்டோவே இல்லாம இருக்கறதுக்கு அது தேவல."

சமாளித்துவிடுகிறேன் என்றாள். இல்லையென்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

அடுத்த ஒத்திகையில் அவள் காத்திருந்தாள். 'ஸ்தா' என்று ஆரம்பித்த கணமே இடப்பக்கம் அதுவும் ஆரம்பித்தது. மூக்கு, சீழ்க்கை, வாய். இந்தத் தடவை நீளமாக. மூச்சோடு சோம்பு மிட்டாய் வாசனை வந்தது. தொண்டைக்கு நல்லது என்று சென்ஸி எப்போதும் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருக்கிற மிட்டாய் அது. அஃப்ரா பயந்துபோய்ச் சட்டென்று பாட்டை நிறுத்தினாள். அதுவும் நின்றது. ஹியாஸ் திரும்பிப் பார்த்தான், வாத்தியார் கையைத் தட்டினார், மறுபடி தொடங்கினார்கள். தொடங்கியதும், விட்ட இடத்திலிருந்தே அந்த மூச்சு மேலும் உள்ளே போனது. புது மூச்சு இல்லை. அதே மூச்சின் மிச்சம்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும் வழியில்தான், பனிக்கட்டி உருகி ஓடுகிற சாக்கடையின் சத்தத்துக்கு நடுவே, அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சை இழுக்கும் சத்தத்தை மட்டுமே கேட்டிருக்கிறாள். விடும் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதற்கு என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சென்ஸியின் கடைசி நாட்கள் அஃப்ரா வேலை செய்த அதே முதியோர் இல்லத்தில்தான் கழிந்தன. நுரையீரல் இரண்டும் கிழிந்த தோல்பை மாதிரி ஆகிவிட்டதாக டாக்டர் சொன்னார். வேலை முடிந்ததும் அஃப்ரா ஏப்ரனோடேயே மாடிக்குப் போய்க் கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். அதுதான் அவளுடைய இடம். மலைக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொண்டு ஜனவரி முடியும்வரை எட்டிப் பார்க்காத ஊர் அது. அறையில் எப்போதும் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் ஒரு வெளிச்சம். அந்த மத்தியானம் சென்ஸியின் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி அகன்றுகொண்டே போயிற்று. அஃப்ராவுக்குக் கண் சொக்கியது. ஒரு இடைவெளி மிக நீண்டுபோய், பாட்டு அறுபடப்போகிறது என்ற பதற்றம் அரைத் தூக்கத்திலேயே நெஞ்சைக் கவ்வ, அவள் முழங்கையால் சென்ஸியின் கையை இடித்தாள். "எடுத்துக்கோடி," என்றாள். "நான் புடிச்சுக்கறேன்."

பாடகர் குழுவில் வயசைத் தொலைத்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய அசட்டுத்தனம் அது. செய்துவிட்டாள்.

சென்ஸி எடுத்துக்கொண்டாள். மூக்கால், சீழ்க்கையோடு, வாயால். நெஞ்சு உயர்ந்தது. உயர்ந்தது உயர்ந்தபடி நின்றது.

நர்ஸ் மிர்யானா வந்து நாடி பார்த்துவிட்டு, அஃப்ராவின் தோளில் கை வைத்தாள். "மூச்ச விட்டுட்டாங்கம்மா," என்றாள் மெதுவாக. இல்லை என்று சொல்ல அஃப்ரா வாயெடுத்தாள். விடவில்லையே. இழுத்தாள், விடவில்லை. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் யாரிடம் போய் இலக்கணம் பேசுவது? வாயை மூடிக்கொண்டாள்.

மார்ச் மாதம் முழுக்க அவள் வாயை மூடிக்கொண்டே இருந்தாள். பாடும்போது மட்டும்தான் அந்த மூச்சு வரும் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் சலவைக்கூடத்தில் தலையணை உறை மடிக்கும்போது முனகின அரைப் பாட்டுக்கும் அது வந்தது. அதற்கப்புறம் பேச்சுக்கும். உருளைக்கிழங்கு வெந்துவிட்டது, மேலே வெண்ணெய் போடவா, உன் தங்கை போன் பண்ணினாள் என்று ஒரே மூச்சில் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே, ஒரு ஆள்கூட நிற்க முடியாத சந்தில், சீழ்க்கையோடு காற்று உள்ளே இழுபட்டது. அஃப்ரா பாதியில் நிறுத்தினாள். அன்றிலிருந்து ஒற்றை வார்த்தைகளில் பேச ஆரம்பித்தாள். குரல் கொடுத்தால் அது மூச்செடுக்கிறது. குரல் கொடுக்காவிட்டால் காத்திருக்கிறது. இரண்டில் எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"என்னடி, பேச்சுக்கு வரி போட்டுட்டாங்களா?" என்றான் அவள் புருஷன் லோய்ஸ். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவன், நல்லவன், தட்டில் கண்ணாக இருப்பவன். "நாள் பூரா ஊமை மாதிரி இருக்கே. தூங்கினா மட்டும் வாய் ஓயறதில்ல."

"என்னது?"

"தூக்கத்துல பாடறியே. ஒரே சுரம். கொசு மாதிரி. நேத்து உலுக்கிப் பாத்தேன், நிறுத்த மாட்டேங்கறே. போய் சோபாவுல படுத்தேன்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். காலையில் எழும்போதெல்லாம் விலா எலும்புகள் அடித்துப் போட்டது போல வலிப்பதும், உதடு ஊதா நிறத்தில் இருப்பதும், மூன்று படி ஏறினால் கைப்பிடியைத் தேடுவதும் எதனால் என்று இப்போது தெரிந்தது. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டிருந்தார். ஓய்வு. தூக்கத்தில்கூட அவள் சென்ஸிக்காகச் சுரம் பிடித்துக்கொண்டிருந்தாள். சென்ஸி இழுத்துக்கொண்டே இருந்தாள். கட்டிலில் ஆரம்பித்த அந்த ஒரே மூச்சு இன்னும் முடியவில்லை.

எனக்கே முடியலையேடி என்று அஃப்ராவுக்கு அழுகை வந்தது. பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. குழுவை விட்டு நின்றுவிடலாம் என்று பார்த்தால், நின்றாலும் தூக்கம் நிற்காதே. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மூச்சு வெளியே வரும் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். ஒரு பெருமூச்சு போதும். சென்ஸி ஜன்னல் மூடுகிற நேரத்தில், கடைசி ஆளையும் திட்டி அனுப்பிவிட்டு விடுவாளே, அந்த மாதிரி ஒன்று. அதைக் கேட்டுவிட்டால் அவளும் தூங்குவாள், இவளும் தூங்குவாள்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மரச் சிலுவையில் பெயர் இன்னும் பெயின்ட் வாசனையோடு இருந்தது. இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, நீளமாகப் பேசிவிடாமல் துண்டு துண்டாகச் சொன்னாள். "சென்ஸி. வெள்ளிக்கிழமை. முழுசாப் புடிக்கறேன். அறுபடாம. கடைசி வரைக்கும். நீ எடுத்து முடிச்சுக்கோ. அப்புறம் விட்டுடு. விட்டுட்டுப் போயிடு, என் தங்கமே."

மேட்டின் மேல் வைத்திருந்த பைன் இலை வளையம் காற்றே இல்லாமல் லேசாக உயர்ந்த மாதிரி இருந்தது. அவள் நின்று பார்க்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மழையா பனியா என்று தெரியாத ஒரு ஈரம் ஜன்னல்களில் வழிந்தது. மணி அடிக்காது என்பதால் பிள்ளைகள் மரக் கிலுக்கைகளைச் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். காய்ந்த எலும்புகளை உருட்டுகிற மாதிரி அந்தச் சத்தம் தூரத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை, மெழுகுவத்தி இல்லை. சிலுவை ஊதாத் துணிக்குள் நின்றது. மாடியில் ஆர்கனைப் பூட்டிச் சாவியை வாத்தியார் பையில் போட்டுக்கொண்டார். கணப்பை அணைத்துவிட்டார்கள், அதன் ரீங்காரம் பாட்டில் கேட்கும் என்று. எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. அஃப்ரா தன் இடத்தில் நின்றாள். இடப்பக்க நாற்காலி அவளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், காலியாக இருந்தது.

"உனக்கு ஒடம்பு சரியில்லன்னா உக்காந்துக்க," என்று ஹியாஸ் பின்னாலிருந்து கிசுகிசுத்தான். கிண்டல் இல்லாமல் சொன்னான். "சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

பாட்டு தொடங்கியது. குளிரில் குரல்கள் முதலில் விறைத்து, பிறகு ஒன்றோடொன்று உரசிச் சூடாகி, மெதுவாக மாடியிலிருந்து இறங்கி இருண்ட பெஞ்சுகளின் மேல் பரவின. சரணம் சரணமாகப் போயிற்று. தாய் நின்றாள், வாள் பாய்ந்தது, மகன் தலை சாய்ந்தது. ஒவ்வொரு அடியிலும் இடப்பக்கத்துக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுபடுவதை அஃப்ரா கேட்டாள். திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கிற அளவு கழுத்தில் வலு இல்லை. சோம்பு வாசனையோடு இப்போது ஈர மண் வாசனையும் சேர்ந்திருந்தது.

கடைசிச் சரணம்.

வாத்தியார் அவளைப் பார்த்து இடது கையின் சுண்டுவிரலை உயர்த்தினார். பிடியுங்கள் என்று அர்த்தம். அவள் அடிவயிறு வரை மூச்சை நிரப்பிக்கொண்டு 'ஸ்தா…' என்று ஆரம்பித்தாள்.

அதுவும் இழுத்தது. இடைவிடாமல். சீழ்க்கை ஒரு கம்பி மாதிரி அவள் காதுக்குள் நீண்டது. மேல்குரல்கள் ஏறின. ஹியாஸின் குரல் பாதாளத்துக்கு இறங்கியது. அஃப்ரா நடுவில் நின்றாள். ஒரே சுரம். மூச்செடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை. போயிற்று. இன்னும் கொஞ்சம். விலாவுக்குள் நெருப்பு. கண்ணின் ஓரங்களில் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. கோட்டுக்குள் வேர்த்தது. இன்னும். இன்னும் கொஞ்சம்தான் சென்ஸி. எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ.

சீழ்க்கை நின்றது.

அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. இதுவரை நடக்காதது. இடப்பக்கம் நிறைந்திருந்தது. விளிம்புவரை நிறைந்த குடம் மாதிரி, அசையாமல். பாடப்போகிறவள் வாய் திறப்பதற்கு முன்னால் வருகிற அமைதி அது. அஃப்ராவுக்கு அது நன்றாகத் தெரியும். சந்தோஷத்தில் கண் நிறைந்தது. முடிந்துவிட்டது. எடுத்து முடித்துவிட்டாள். விடு. இப்போது விடுடி.

முழங்கையில் ஒரு இடி.

சின்னதாக. பழைய இடத்தில். கோட்டுத் துணியின் மேல்.

"எடுத்துக்கோடி."

மூச்சு வெளியே வந்தது. பெருமூச்சாக வரவில்லை. பாட்டாக வந்தது. அதே சுரம், அதே அசை. கன்னத்தில் பனி மாதிரி பட்டது. சென்ஸியின் குரல், நோய்க்கு முந்தின குரல், ஒரு நடுக்கமும் இல்லாமல்.

அப்போதுதான் அஃப்ராவுக்குப் புரிந்தது. அவள் விட்டால் நான் எடுக்க வேண்டும். அவள் விடட்டும் என்று கேட்டேன். மறுபாதியை மறந்துபோனேன்.

வேண்டாம் என்று நினைப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. உடம்பு அவளைக் கேட்கவில்லை. இடி விழுந்தால் எடுக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த உடம்புக்குத் தெரிந்தது அதுதான். மூக்கால் காற்று உள்ளே போனது. வாயால் போனது. குளிர்ந்து, இனித்து, சோம்பு மணத்தோடு போனது. எத்தனை நல்ல மூச்சு. எத்தனை நாளாக ஏங்கின மூச்சு. நெஞ்சு நிறைந்தது.

நிறைந்த பிறகும் போனது.

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. பல்லைக் கடிக்கப் பார்த்தாள். தாடை மூடவில்லை.

வாத்தியாரின் கை காற்றில் ஒரு வட்டம் போட்டு மூடியது. மேல்குரல்கள் நின்றன. ஹியாஸ் நின்றான். இனி 'பாத்' மட்டும்தான் பாக்கி. வாத்தியார் அஃப்ராவைப் பார்த்தார். முதலில் புன்னகைத்தார், அறுபடாமல் பிடித்துவிட்டாளே என்று. மறுபடி கையை மூடினார். மறுபடியும். பிறகு அவர் கண் அவள் உதட்டுக்கு வந்தது. திறந்து கிடக்கிற, சுரம் வராத, ஊதாநிற உதடு. கண் மெதுவாக அவள் இடப்பக்கத்துக்கு நகர்ந்தது. புன்னகை அப்படியே அவர் முகத்தில் கிடந்தது.

கீழே ஒருவரும் அசையவில்லை. வெளியே மரக் கிலுக்கைகள் தூரத்துக்குப் போயின. உயர்ந்துகொண்டே போன அஃப்ராவின் நெஞ்சில் கோட்டின் முதல் பொத்தான் தெறித்துப் பலகைத் தரையில் உருண்டது.

'ஸ்தா…' என்றது சென்ஸியின் குரல், நிதானமாக, களைப்பே இல்லாமல்.

அஃப்ரா மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.